இசைபிடிமானம்

பள்ளத்தூர் வளவில் ஜமுக்காளம் விரித்து
கல்யாணத்துக்குப் பரப்பிய மாதிரியே பரப்பினார்கள்,
திருப்பித் தர.
பித்தளை அண்டா நாலு. சரி.
எவர்சில்வர் வாளி பன்னிரண்டு, ஒன்றுக்குப் பிடி இல்லை. சரி.
சோலையப்பனின் சின்னம்மா மகன் வயிரவன்
சிட்டையைப் படிக்கப் படிக்க
நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.
அகப்பைக் காம்பில்கூடப் பெயர் வெட்டியிருந்தது,
சித. உமை.

கடைசியில் ஒரு தகரப்பெட்டி வந்தது,
சிட்டையில் ஏறாத சாமான்.
உள்ளே சிடி இருநூற்றுப் பதினாறு.
வேலைக்குப் போன முதல் இரண்டு வருஷச் சம்பளம்,
ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கர் பேனாவில்
அதே சித. உமை.
"இதையெல்லாம் இப்ப யாரு கேக்குறா?"
என்றார் ஒரு பங்காளி.
எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
'பாட்டுத் தட்டு 216' என்று எழுதி
கையெழுத்து வாங்கினார்கள்.

ஆறு வருஷம் இரண்டு பேரும் சேர்த்த
பாட்டு வரிசை ஒன்று ஃபோனுக்குள் இருக்கிறது.
அதை யாரும் ஜமுக்காளத்தில் வைக்கவில்லை.
திறக்கும் எண் வருவது அவன் ஃபோனுக்கு.
மாதம் பிறந்தால் பிடித்தம் என் கணக்கில்.
வக்கீல் கேட்கவில்லை.
கோயிலில் உட்கார்ந்து பேசியவர்களும் கேட்கவில்லை.

இப்போது கழனிவாசலில் மாடி வீடு.
ராத்திரி பாத்திரம் கழுவும்போது
பாதி வரியில் பாட்டு நிற்கும்.
வேறொரு கருவியில் ஒலிக்கிறது
என்று திரை சொல்லும்.
முதல் தடவை சோப்புக் கையோடு நின்றேன்.
இங்கே பத்து நாற்பது என்றால்
பினாங்கில் ஒரு மணி தாண்டியிருக்கும்.
அவன் தூங்கவில்லை.

சில நாள் நானே பிடுங்குவேன்,
ஒரு பொத்தான்தானே.
அவன் திருப்பிப் பிடுங்குவான்.
சேர்ந்திருந்த ஆறு வருஷத்தில்
இவ்வளவு நேர்மையாக
நாங்கள் சண்டை போட்டதே இல்லை.

ஆடியில் ஒரு பாட்டு சாம்பலாகிப் போனது.
தொட்டால் திறக்கவில்லை.
உங்கள் பகுதியில் கிடைக்காது என்றது.
என் பகுதி எது,
கழனிவாசலா, சிவகங்கை மாவட்டமா?
கானாடுகாத்தான் ரோட்டில் காரை ஓரம் கட்டி
அந்தப் பாட்டுக்கு ஒருமுறை அழுதிருக்கிறோம்,
அவன் ஒரு காரணத்துக்கு, நான் வேறொன்றுக்கு.

எட்டு மாதம் கழித்து அவனிடமிருந்து முதல் செய்தி:
"அந்தப் பாட்டக் காணோம். ஒம் பெட்டில இருக்குமா?"

இருந்தது. நூற்று முப்பத்தொன்பதாவது தட்டு.
போட்டுக் கேட்கத்தான் வழியில்லை.
புதுக் காருக்கு அந்த வாய் கிடையாது,
லேப்டாப்புக்கும் கிடையாது.
பெயர் வெட்டிய தட்டு இருநூற்றுப் பதினாறு,
ஒன்றிலும் சோறு போட முடியாது.

செக்காலை ரோட்டு சவுண்ட் சர்வீஸ் சுக்கூர்
பழைய பிளேயர் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார்,
நாள் வாடகை எண்பது.
"என்ன விசேசம் அக்கா?"
விசேசமில்லை என்றேன்.

பாடியது.
இரண்டாம் சரணத்தில் கீறல்.
'இல்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டு
இல் இல் இல் இல் என்றது.
இல்லை என்றும் முடிக்கவில்லை,
இல்லம் என்றும் முடிக்கவில்லை.
ஒரு கோபத்தில் நான் வீசியது அது.
அவன் எடுத்து, வேட்டித் தலைப்பில் துடைத்து
உறையில் போட்டு வைத்தான்,
ஒன்றும் சொல்லாமல்.
அதுவும் சிட்டையில் இல்லை.

கல்யாணத்தன்று எழுதி வாங்கியதற்கு
இசைபிடிமானம் என்று பெயர்.
இசை என்றால் அங்கே சம்மதம், பாட்டில்லை
என்று அப்போதே விளக்கினார்கள்.
பிடிமானம் என்னவென்று நான் கேட்கவில்லை.

'இருக்கு' என்று தட்டினேன். அழித்தேன்.
'கீறல் இருக்கு' என்று தட்டினேன்.
அனுப்புவதற்குள்
பத்து நாற்பதுக்கு ஃபோனில் ஓடிய பாட்டு நின்றது.
பிடுங்கவில்லை. அவன் கேட்கட்டும்.

காலையில் சுக்கூரைக் கூப்பிட்டு
இன்னும் ஒரு நாள் வாடகை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.